வலி போன பிறகும் பல்லை எடுக்கச் சொல்வது ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது. கீழ் வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்றுக்குச் சில வருடங்களுக்கு முன் வேர் சிகிச்சை செய்துகொண்டேன். கேப் போடச் சொன்னார்கள், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். போன மாதம் அந்த இடத்து ஈறில் சின்னக் கொப்புளம் வந்து, சீழ் வடிந்து, தானாகவே அமுங்கிவிட்டது. இப்போது வலி துளியும் இல்லை. ஆனால் டாக்டர், வேரில் விரிசல் விட்டிருக்கிறது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறார். வலிக்காத பல்லை ஏன் எடுக்க வேண்டும்? இப்போது கேப் போட்டால் போதாதா?

பதில்: வேர் சிகிச்சை செய்த பல்லுக்குள் வலியைச் சொல்ல நரம்பே கிடையாது, அம்மா. அதை எடுத்துவிட்டுத்தானே அடைத்தார்கள்! அதன் பிறகு வலித்தால், அது பல்லைச் சுற்றியுள்ள திசுவின் வலி. சீழ் உள்ளே தேங்கி அழுத்தம் ஏறினால் வலிக்கும். கொப்புளம் உடைந்து வெளியே வழி கிடைத்ததும் அடங்கிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். சீழ் வடிந்துவிட்டது, கிருமி அங்கேயே இருக்கிறது. மாத்திரையும் அதை அழிக்காது. மருந்து ரத்தத்தின் வழியாகப் போக வேண்டும். அந்தப் பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை.

சரி, விரிசலுக்கு வருவோம். சொத்தையிலும் சிகிச்சையிலும் நிறையப் பகுதியை இழந்த பல், மெல்லும்போது பக்கவாட்டில் பிளக்கப் பார்க்கும். அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளத்தான் கேப். விரிசல் மேல்பகுதியோடு நின்றிருந்தால் இப்போதுகூடக் கேப் போட்டுப் பார்க்கலாம். வேரில் நெடுக ஓடிவிட்டால் அதை நம்பகமாக ஒட்டவைக்க இன்றுவரை வழி இல்லை. அந்த இடுக்கில் கிருமி குடியேறும். பிரஷ் போகாது, மருந்தும் போகாது. விரிசலை ஒட்டிய தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆகவே, நாளாக ஆக நீங்கள் இழப்பது பல்லைத் தாங்கும் எலும்பை. பின்னால் இம்ப்ளாண்ட், அதாவது தாடையில் ஊன்றும் செயற்கைப் பல், வைக்க நினைத்தால், அதை ஊன்ற அதே எலும்புதான் வேண்டும்.

டாக்டர் இதை எப்படிக் கண்டுபிடித்திருப்பார் என்றும் சொல்கிறேன். அளவுகோடுகள் போட்ட மெல்லிய கருவி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டுப் பார்ப்போம். நல்ல ஈறில் அது 1 முதல் 3 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். வேர் பிளந்த பல்லில் சுற்றிவர 2, 3 என்று காட்டிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று 8, 9 என்று இறங்கும். எக்ஸ்ரேயில் வேரின் ஒரு பக்கமாக மேலிருந்து நுனிவரை கறுப்பு நிழல் தெரியும். அந்த விரிசல்கோடு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் விழாது. அதனால், 'கோடே தெரியவில்லையே' என்று டாக்டரைச் சந்தேகப்பட வேண்டாம். படத்தைத் திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்கள். விரிசல் ஒன்றில் மட்டும்தான் என்றால், அந்த வேரை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்ற முடியுமா? எல்லோருக்கும் ஒத்துவராது. மற்ற வேரைச் சுற்றி எலும்பு உறுதியாக இருக்க வேண்டும். இருந்தாலும், எடுக்கும் முன் கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

சொத்தை பெரியது என்பதற்காக மட்டும் எடுக்கச் சொன்னால், உடனே தலையாட்டிவிடாதீர்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் மிஞ்சியிருந்து, வேரும் எலும்பும் உறுதியாக இருந்தால், வேர் சிகிச்சையும் கேப்பும் பெரும்பாலும் கைகொடுக்கும். ஈறு நோயில் எலும்பு முக்கால்வாசி கரைந்து, பல் மேலும் கீழுமாகவே ஆடுகிறது என்றால் அது வேறு கதை.

எடுக்கப் போகும்போது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. எலும்பு அடர்த்தி குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றில் சில மருந்துகளால், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. எடுத்த அன்று வாய் கொப்பளிப்பது, துப்பிக்கொண்டே இருப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். குழியில் உறையும் ரத்தம்தான் அங்கே கட்டு மாதிரி. அது கழன்றால் மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை இழுக்கும் வலி வரும். வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போங்கள். மருந்து வைத்தால் அடங்கிவிடும்.

அப்புறம், குழி ஆறியதும் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பல் சாயும், எதிர்வரிசைப் பல் இறங்கும். பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பிரிட்ஜா, இம்ப்ளாண்ட்டா என்பதை, எடுக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு மேல் கடைவாய்ப்பல்லை எடுக்க வேண்டும். கண் பார்வை போய்விடும் என்று பயப்படுகிறார். உண்மையா?

பதில்: இல்லை. பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. மூளையிலிருந்து வரும் 12 ஜோடி நரம்புகளில் பார்வைக்கு இரண்டாவது, பல்லுக்கு ஐந்தாவது. பல்லை எடுப்பதால் பார்வை நரம்பு அறுந்துபோகாது. சீழ் பிடித்த மேல் பல்லை எடுக்காமல் விட்டால்தான், அபூர்வமாக, அந்தத் தொற்று கண்வரை ஏறும். அப்பாவுக்கு இப்போதே கண்ணுக்குக் கீழே வீக்கமோ காய்ச்சலோ இருந்தால், இன்றைக்கே அழைத்துப் போங்கள்.