டிரான்ஸ்ஃபார்மர் தகட்டுக்கு மட்டும் ஏன் திசை பார்க்கிறார்கள்?

தருமபுரியில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: டிரான்ஸ்ஃபார்மர் கோர் (கம்பிச் சுருளுக்குள் இருக்கும் இரும்பு அடுக்கு) தகட்டை உருட்டிய திசை பார்த்து அடுக்குகிறோம், போர்வெல் மோட்டார் தகட்டுக்கு ஏன் பார்ப்பதில்லை?

இரும்புப் படிகம் கனசதுர அமைப்பு கொண்டது. அதன் விளிம்பு வாக்கில்தான் காந்தம் சுலபமாக ஏறும். சுமார் 3 சதவீதம் சிலிக்கான் கலந்த தகட்டைக் குளிர்நிலையில் உருட்டினால், படிகங்கள் நசுங்கிச் சில குறிப்பிட்ட திசைகளுக்குத் திரும்பும். பிறகு சூடேற்றும்போது புதிய மணிகள், அதாவது சிறு படிகங்கள், முளைக்கும். அவற்றில் விளிம்பு உருட்டுத் திசையோடு ஒத்துப்போகிறவை கொஞ்சம்தான். ஆனால் மாங்கனீஸ் சல்பைடு, அலுமினியம் நைட்ரைடு போன்ற நுண்துகள்கள் மற்ற மணிகளை வளரவிடாமல் பிடித்துவைக்கின்றன. சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிப் பல மணி நேரம் வைத்தால், அந்தக் கொஞ்சமே மற்றதையெல்லாம் விழுங்கிப் பெருத்துவிடும். எனக்கு இன்றும் வியப்பு தரும் இடம் இது. பழைய தகட்டின் பூச்சை அமிலத்தில் நீக்கிப் பாருங்கள், விரல்நக அளவு மணிகள் திட்டுத்திட்டாகக் கண்ணுக்கே தெரியும். உருட்டலும் சூடேற்றலும் சேர்ந்த இந்த வழிக்கு அமெரிக்க ஆய்வாளர் நார்மன் காஸ் 1934இல் காப்புரிமை பெற்றார்.

டிரான்ஸ்ஃபார்மரில் காந்தப்புலம் உருட்டிய திசையிலேயே ஓடும்படி தகட்டை அடுக்கலாம். மோட்டாரில் காந்தப்புலம் சுழல்கிறது, ஒரே திசை உதவாது. அதற்கான தகட்டில் படிகங்கள் பல திசைகளில் கலந்திருக்கும்.

கோர் அடுக்கும்போது சுத்தியலால் ஓங்கித் தட்டாதீர்கள். தகடு நெளிந்தால் வெப்பமாக வீணாகும் மின்சக்தி கூடும்.