தம்பி பேசவே மாட்டேங்குறான், யார்கிட்ட போறது?

கேள்வி: அக்கா, நாங்க தங்கச்சிமடம். தம்பிக்கு 19 வயசு, பாலிடெக்னிக்கை பாதில விட்டுட்டு அப்பாகூட போட்டுக்கு போனான். மார்ச்ல இலங்கை நேவி பிடிச்சு மே மாசம்தான் விட்டாங்க, போட்டு வரல. வந்ததுலேர்ந்து பேச்சே இல்ல, ராத்திரி பூரா போன், பகல்ல தூக்கம். அம்மா ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிட்டு போவோம்ங்குறாங்க. மதுரைல டாக்டர்கிட்ட காட்டுனா பைத்தியம்னு பேராயிரும்னு பயம். நாங்களே ஏதாவது பண்ண முடியுமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: பண்ணலாம்மா. முதல்ல அவனை எதிர்ல உக்கார வெச்சு 'என்னடா ஆச்சு'ன்னு கேக்குறதை விடு. கடக்கரைப் பசங்களுக்கு கைல வேலை ஓடுனாத்தான் வாய் திறக்கும். இப்ப தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, தெருவெல்லாம் வலை விரிச்சுதான் கிடக்கும், அதுல உங்க சொந்தத்துல நிதானமான மாமா ஒருத்தர் இருப்பார்ல, அவர் பக்கத்துல ஊசியும் நூலும் எடுத்துக் குடுக்க தம்பியை அனுப்பு. மாமாகிட்ட முன்னாடியே சொல்லிரு, அட்வைஸ் கூடாது. 'நாங்க பாக்காத ஜெயிலா'ன்னு ஆரம்பிச்சார்னா அன்னைக்கே எந்திரிச்சு போயிருவான்.

இது என் சொந்தச் சரக்கு இல்ல. ஜிம்பாப்வேல டிக்சன் சிபாண்டாங்குற மனநல டாக்டர் 2006ல ஊர்ப் பாட்டிங்களுக்கு டிரெய்னிங் குடுத்து கிளினிக் வாசல் பெஞ்சுல உக்கார வெச்சார். பாட்டி முழுசா கேட்டுட்டு, இருக்குற பிரச்சினைல ஒண்ணை மட்டும் பிடிச்சு, அதுக்கு என்ன பண்ணலாம்னு வந்தவங்க வாயாலயே சொல்ல வைப்பாங்க. 2016ல வந்த ஆய்வுல மனச்சோர்வு நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. அங்க இதுக்குப் பேரே 'ரொம்ப யோசிக்கிறது'தானாம்! உங்க மாமாவுக்கு அந்த டிரெய்னிங் இல்ல, அதனால அவர் கேக்குறதோட நிக்கட்டும். தம்பியை அரிக்கிறது போட்டுக் கடனா, அரியரா, அங்க ஜெயில்ல நடந்ததான்னு அவனே சொல்லட்டும்.

ரெண்டு வாரம் தாண்டியும் இப்படியேன்னா டாக்டர்தான். மதுரை வரைக்கும் போக வேணாம், ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிலயே காட்டலாம். 'நான் இருந்து என்ன'ங்குற மாதிரி பேசுனா அவ்ளோ நாள் பாக்காத, சாகணும்னு தோணுதாடான்னு நேராவே கேளு, கேக்குறதால அந்த நெனப்பு வந்துராது. ஆமான்னா தனியா விடாம 14416க்கு அடி, டெலி மனஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது.

அம்மாவைத் திட்டாதம்மா. தர்காவுக்குப் போய் துவா பண்ணிட்டு வரட்டும். ஆனா தம்பியை அங்க எங்கயும் விட்டுட்டு வர்ற பேச்சே வேணாம், 2001 ஆகஸ்ட் 6ல ஏர்வாடி காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலில கட்டிக் கிடந்த 28 பேர் ஓட வழியில்லாம செத்தாங்க.

போனைப் பிடுங்காத, ராத்திரில அவனுக்கு இப்ப துணை அது ஒண்ணுதான். காலைல டீக்கு கூப்பிடு, வரலன்னா மறுநாளும் கூப்பிடு.