ரத்தம் உருவாகாமல் கருவிலேயே இறந்துபோகும் சுண்டெலியிடமிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

மரபணுவை நீக்கியதும் குட்டி கருவிலேயே இறந்துவிட்டால் அந்தச் சோதனை வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வழிகாட்டி திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எத்தனையாவது நாளில் இறந்தது?"

சுண்டெலியின் கர்ப்பம் ஏறத்தாழ 20 நாள். ஏழு, எட்டாம் நாளிலேயே, கருவோடு ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பையில் முதல் சிவப்பணுக்கள் வந்துவிடும். வாழ்நாள் முழுக்க ரத்தம் தரப்போகும் ஸ்டெம் செல்கள் பத்தாம் நாளுக்குப் பிறகுதான், கருவின் பெருந்தமனிச் சுவரில் தோன்றுகின்றன. அப்புறம் கல்லீரலுக்குப் போய்ப் பெருகி, கடைசியாக எலும்பு மஜ்ஜையில் குடியேறும். ஆகவே இறந்த நாளை வைத்தே எந்தக் கட்டம் தடைப்பட்டது என்று ஊகிக்கலாம்.

ரத்தம் உருவாவதற்குத் தேவையான ரங்க்ஸ்1 (Runx1) என்ற மரபணுவைப் பாருங்கள். இரண்டு பிரதிகளும் இல்லாத கரு 12ஆம் நாளையொட்டி இறந்துவிடும் என்று 1996இல் தெரியவந்தது. அப்படி ஒரு கருவை முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்லீரல் வெளுத்துக் கிடந்தது, மூளைப் பகுதியில் ரத்தக்கசிவு. அதே தாயின், மரபணு நீக்கப்படாத இன்னொரு கருவில் கல்லீரல் செக்கச்செவேல் என்றிருந்தது. வெளுத்த கருவிலும் மஞ்சட்கருப் பையின் சிவப்பணுக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முதல் ரத்தம் வந்துவிட்டது, அடுத்தது வரவே இல்லை.

சரி, இந்த மரபணு எதுவரை தேவை? இறந்த கருவால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதற்குத்தான் க்ரீ-லாக்ஸ்பி முறை. மரபணுவின் இரு புறமும் லாக்ஸ்பி எனும் சிறிய டிஎன்ஏ அடையாளங்களை வைத்துவிட்டு, க்ரீ நொதி உருவாகும் செல்களில் மட்டும் அதை வெட்டி எடுக்கலாம். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களிலேயே ரங்க்ஸ்1-ஐ வெட்டினால் ஸ்டெம் செல்கள் உருவாவதில்லை. அந்த உட்சுவர்ச் செல்கள் ரத்தச் செல்களாக மாறிய பிறகு வெட்டினால் ஸ்டெம் செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. 2009இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. குழாய்ச்சுவர்ச் செல் ரத்தச் செல்லாக மாறும் அந்தக் குறுகிய நேரத்துக்குத்தான் அது இன்றியமையாதது! வளர்ந்த எலியில் நீக்கினால் தட்டணுக்கள் குறையும், நிணநீர்ச் செல்களின் வளர்ச்சியும் கெடும், ஆனால் எலி உயிரோடு இருக்கும்.

இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். எம்எக்ஸ்1-க்ரீ எலிகளில், இன்டர்ஃபெரான் (வைரஸ் தொற்றின்போது உடல் சுரக்கும் புரதம்) வந்தால்தான் க்ரீ உருவாகும்; அதனால் வெட்டுவதைத் தொடங்கப் போடும் ஊசி இன்டர்ஃபெரானைத் தூண்டும். இன்டர்ஃபெரானோ, உறங்கிக் கிடக்கும் ரத்த ஸ்டெம் செல்களைத் தானாகவே எழுப்பிவிடும். அதனால், மாற்றம் மரபணு போனதாலா ஊசியாலா என்று பிரித்தறிய, க்ரீ இருந்து லாக்ஸ்பி இல்லாத எலிகளுக்கும் அதே ஊசியைப் போட்டு, சில வாரம் பொறுத்த பிறகே மஜ்ஜையை எடுத்துப் பாருங்கள்.