சரிந்த சீசனுக்குப் பிறகு ஒரு பேட்டரை வாங்கலாமா?

கேள்வி: அலுவலக நண்பர்களுடன் ஃபேன்டஸி பேஸ்பால் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்தின் புள்ளிகளால் மோதும் விளையாட்டு) ஆடுகிறேன். வீரர்களை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்ளும் லீக். போன வருடம் .285 சராசரியில் (ஆயிரம் வாய்ப்புக்கு 285 முறை அடித்து பேஸை எட்டுவது) 27 ஹோம் ரன் அடித்த 28 வயது அவுட்ஃபீல்டர், இந்த வருடம் .221, 14 ஹோம் ரன் என்று இறங்கிவிட்டார். மே மாதம் மணிக்கட்டில் அடிபட்டு மூன்று வாரம் ஆடவில்லை. அவரைத் தர, என் அணியின் இரண்டாவது சிறந்த பிட்சரை (பந்து வீசுபவரை) கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அந்த .221-ஐக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். நான் முதலில் தேடுவது ஸ்ட்ரைக் அவுட் சதவீதத்தை, அதாவது மூன்று ஸ்ட்ரைக் ஆகி, பந்தைச் சரியாக அடிக்காமலே அவுட் ஆகும் விகிதத்தை. பேட்டில் பட்ட பந்து ஃபீல்டர் கைக்குப் போவதிலும் இடைவெளியில் விழுவதிலும் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. பந்தைத் தொடவே முடியவில்லை என்றால் அதை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது.

கோடி பெல்லிஞ்சரைப் பாருங்கள். 2019-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக .305, 47 ஹோம் ரன். அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. அடுத்த ஆண்டு அக்டோபரில், லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்துவிட்டு வந்து, சக வீரரோடு முன்கையை மோதிக் கொண்டாடினார். வலது தோள் நழுவிவிட்டது! அவர் இடது கை பேட்டர். வலது தோள்தான் பிட்சரைப் பார்த்து நிற்கும், வீச்சை இழுத்துச் செல்லும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2021-ல் சராசரி .165, 2022-ல் .210. 2019-ல் சுமார் 16 சதவீதமாக இருந்த ஸ்ட்ரைக் அவுட் இந்த இரண்டு ஆண்டும் 27-ஐ ஒட்டியே நின்றது. டாட்ஜர்ஸ் கைகழுவியது.

என் கணக்குப்படி பார்த்தால் அப்போது அவரை யாரும் வாங்கியிருக்கக் கூடாது. சிகாகோ கப்ஸ் வாங்கியது. சரிவுக்குக் கண்ணுக்குத் தெரிந்த ஒரு காரணம் இருந்தது, வயது 27தான், பேட் ஓடாவிட்டாலும் சென்டர் ஃபீல்டில் நின்று ஃபீல்டிங்கில் பயன்படுவார். அதைவிட முக்கியம், ஒப்பந்தம் ஒரே ஆண்டு, 1.75 கோடி டாலர். தப்பினால் ஓராண்டோடு போச்சு. 2023-ல் .307, 26 ஹோம் ரன். ஸ்ட்ரைக் அவுட் மறுபடி 16 சதவீதத்துக்குள் வந்தது.

இதற்கு நேர் எதிர், பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ். 2013-ல் 53 ஹோம் ரன், 2014-ல் .196, 2015-ல் மீண்டும் 47. ‘ஆள் திரும்பி வந்துவிட்டார்’ என்று ஏழு ஆண்டுக்கு 16.1 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆனால் அந்த 47 ஹோம் ரன் ஆண்டிலேயே 208 ஸ்ட்ரைக் அவுட், இரண்டு லீக்கிலும் அதுதான் அதிகம். 2018-ல் சராசரி .168.

சரி, உங்கள் ஆளுக்கு வருவோம். மணிக்கட்டில் அடிபட்டவருக்குப் பந்தைத் தொடுவது சீக்கிரம் திரும்பும், தூரமாக அடிக்கும் பலம் தாமதமாகத்தான் வரும் என்பது பேஸ்பாலில் பழைய பேச்சு. அதனால் மொத்த சீசனைப் பார்க்காமல் ஏப்ரலைத் தனியாக, ஆகஸ்ட், செப்டம்பரைத் தனியாகப் பாருங்கள். பேஸ்பால் சாவன்ட் தளத்தில் பந்து பேட்டை விட்டுக் கிளம்பும் வேகம் இலவசமாகவே கிடைக்கும். ஸ்ட்ரைக் அவுட் போன வருட அளவிலேயே இருந்து, கடைசி இரண்டு மாதத்தில் அந்த வேகமும் ஏறியிருந்தால் வாங்குங்கள். அடிபடுவதற்கு முன்பே, ஏப்ரலிலேயே ஸ்ட்ரைக் அவுட் எகிறியிருந்தால் மணிக்கட்டின் மேல் பழிபோட முடியாது, விட்டுவிடுங்கள்.

எப்படியானாலும் இரண்டாவது பிட்சரைக் கொடுக்க வேண்டாம். கேட்பவர் போன வருட விலையைக் கேட்கிறார். நான்காவது பிட்சரில் ஆரம்பியுங்கள், மூன்றாவதற்கு மேல் ஏறாதீர்கள்.