வெடைக்கோழி எப்போது முட்டைக்கு வரும்? (வாசகர் கேள்வி – பதில்)

மார்கழி முடிகிற சமயத்தில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, வெடை (இன்னும் முட்டை இட ஆரம்பிக்காத இளம் பெட்டைக்கோழி) எப்போது இடும் என்பதுதான். ஆனி, ஆடியில் குஞ்சாக வாங்கியிருப்பார்கள். தை பிறக்கப் போகும், கூட்டில் ஒரு முட்டைகூட இருக்காது. தினமும் காலையில் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு வெறுங்கையோடு வருகிறவர்களின் மனசு எனக்குத் தெரியும். கடலூரை அடுத்த திருவந்திபுரம் பக்கத்தில் கெடிலம் ஆற்றங்கரையோரம் முப்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறேன். இப்போதும் என்னிடம் முட்டைக்கு வராத வெடை மூன்று இருக்கிறது. அதனால் இந்த மாதம் இந்தக் கடிதங்களுக்கே இடம்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு லாஸ்பேட்டையில் வீடு. பின்னால் ஒரு சென்ட் அளவு மண்தரை இருக்கிறது. ஆனிக் கடைசியில் நாட்டுக்கோழிக் குஞ்சு ஆறு வாங்கினோம். ஆறும் பெட்டையாகவே அமைந்துவிட்டது. இப்போது ஆறு மாதம் ஆகிறது, ஒன்றுகூட முட்டை இடவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்கோழி ஐந்தாவது மாதமே இட ஆரம்பித்துவிட்டது. என் மாமியார், "இதெல்லாம் மலட்டுக் கோழி, பொங்கல் கரிநாளுக்கு அடித்துக் குழம்பு வைத்துவிடலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அடிக்காதீர்கள் தங்கச்சி. உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு சாம்பல் நிற வெடை வைத்திருந்தேன். எட்டு மாதம் ஆகியும் முட்டை இல்லை. ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்த அன்று அதைப் பிடித்து அறுத்துவிட்டார்கள். வயிற்றைக் கழுவ உட்கார்ந்தவள் நான்தான். உள்ளே மஞ்சள் கரு கொத்தாகத் தொங்கியது. பெரியது நெல்லிக்காய் அளவு. அதற்கடுத்து சுண்டைக்காய், மிளகு என்று சிறுத்துக்கொண்டே போய் கடுகு அளவில் எண்ண முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு முழு முட்டை. ஓடு இன்னும் இறுகவில்லை, விரல் பட்டால் அமுங்கியது. ஒரு ராத்திரி விட்டிருந்தால் மறுநாள் அது கூட்டில் கிடந்திருக்கும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முட்டைக்கு வரப்போகிற கோழியை அடிக்க அதற்கப்புறம் நான் யாரையும் விட்டதில்லை.

மஞ்சள் கரு ஒன்று முழு அளவுக்குப் பருக்க ஏறக்குறைய பத்து நாள் ஆகிறது. அது சினைப்பையிலிருந்து கழன்று, வெள்ளைக்கரு சேர்ந்து, தோல் மூடி, ஓடு கட்டி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம். அதில் 20 மணி நேரம் போல ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத்தான் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கோழியோடு உங்கள் கோழியை ஒப்பிட வேண்டாம். வெள்ளை லெகார்ன் முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம். 18, 20 வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். நாட்டுக்கோழிக்கு ஆறு மாதம் என்று சொல்வார்கள். ஏழு, எட்டு மாதம் போவதும் சாதாரணம். அதிலேயே சின்ன ரகமான சிறுவிடை கொஞ்சம் முந்தும், பெரிய ரகமான பெருவிடை பிந்தும். வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் நாட்டுக்கோழியின் கணக்கு. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? நாட்காட்டியை விட்டுவிட்டு கோழியைப் பாருங்கள். கொண்டையும் தாடியும் வெளிர் ரோஸ் நிறத்தில் சின்னதாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பெருத்து, செம்பருத்திப் பூ மாதிரி சிவந்துவிட்டால் உடம்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. அப்புறம், உங்கள் கை அதன் முதுகுப் பக்கம் போகும்போது ஓடாமல், இறக்கையைக் கொஞ்சம் விரித்துத் தரையோடு பதுங்குகிறதா என்று கவனியுங்கள். நேற்றுவரை கைக்கு அகப்படாமல் பறந்த வெடை இன்று அப்படிப் பதுங்கினால், பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முட்டை வரும்.

எனக்கு ரொம்ப நம்பிக்கையான அடையாளம் இடுப்பெலும்பு. இருட்டியதும் கூட்டிலிருந்து மெதுவாக எடுத்து, தலை உங்கள் அக்குள் பக்கம் இருக்கும்படி அணைத்துக்கொள்ளுங்கள். எச்சத் துவாரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு எலும்பு முனை தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைகிறது, முனையும் விறைப்பாக இருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு விரல் நுழைந்து, எலும்பு வளைந்து கொடுத்தால் நெருங்கிவிட்டது. மூன்று விரல் தாராளமாகப் போனால் அது ஏற்கெனவே எங்கேயோ இட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் தோட்டத்தில் பூந்தொட்டிக்குப் பின்னாலும் விறகு அடுக்கின் கீழேயும் தேடிப் பாருங்கள். எலியும் கீரியும் முட்டையைத் தூக்கிப் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சில பாட்டிமார் விரலை உள்ளே விட்டு "இன்றைக்கு இடும், இடாது" என்று சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், முக்கியமாக வெடைக்கு. உள்ளேயே ஓடு உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம்.

அப்படியே நெஞ்செலும்பையும் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இல்லாமல் கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் கோழி இளைத்திருக்கிறது. உடம்பில் எடை ஏறாமல் முட்டை வராது. பெரும்பாலும் குடற்புழுதான் காரணமாக இருக்கும். கால்நடை மருந்தகத்தில் காட்டிப் பூச்சி மருந்து கேளுங்கள்.

இன்னொரு விஷயம், நம் பக்கத்துக்கே உரியது. உங்கள் குஞ்சுகள் வளர்ந்து பருவத்துக்கு வந்த நேரம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மழையும் குளிரும் ஒரு பக்கம். பகலும் சுருங்கிவிடும். டிசம்பரில் நமக்குப் பகல் வெளிச்சம் பதினொன்றரை மணி நேரம்தான். கோழிக்கு முட்டையைத் தூண்டுவதே வெளிச்சம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அந்த வருஷம் என்னிடம் ஏழு மாத வெடை ஐந்து இருந்தது. கூடு நனைந்து, நாலைந்து நாள் ஈரத்திலேயே நின்றன. முட்டைக்கு வந்தது மாசியில்தான். ஐந்தும் வந்தன. தை பிறந்து பகல் நீள நீள உங்களுடையதும் வரும். பல்பு போட்டு வெளிச்சத்தைக் கூட்டுகிற பண்ணை வழி நாலைந்து நாட்டுக்கோழிக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். காலையில் சூரியன் வருவதற்கு முன்பே கூட்டைத் திறந்துவிடுங்கள், அது போதும்.

கேள்வி: நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வெடை முதல் முட்டை இட்டது. புறா முட்டை அளவுதான். ஓட்டில் ரத்தக் கீற்று. உடைத்தால் மஞ்சள் கருவே இல்லை. வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடு என்கிறார்கள். இரண்டாவது முட்டை ஓடு இல்லாமல் தோலோடு விழுந்தது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. புதிதாக வேலை தொடங்கிய உடம்பு. சில நாள் கரு இல்லாமலே வெள்ளைக்கரு கட்டிவிடும், சில நாள் இரண்டு கரு ஒன்றாக இறங்கிவிடும். துவாரம் முதல்முறை விரிவதால் லேசாகக் கீறி ரத்தம் படும். தோல்முட்டையும் ஒன்றிரண்டு வருவது சகஜம். இரண்டு மூன்று வாரத்தில் அளவும் ஓடும் சரியாகிவிடும். ஒரு மாதம் கழித்தும் தோல்முட்டையே வந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று அர்த்தம். அதற்கு அடுத்த கடிதத்தைப் பாருங்கள். தினமும் ரத்தம் வந்தாலோ, துவாரத்தில் சதை வெளியே தள்ளி நின்றாலோ உடனே அந்தக் கோழியைத் தனியாகப் பிரித்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மற்றக் கோழிகள் அந்தச் சிவப்பைக் கொத்திக் கொன்றுவிடும்.

சகுனம் பார்த்து அந்தக் கோழியை ஒதுக்காதீர்கள், பாவம்.

கேள்வி: கடலூர் முதுநகர். துறைமுகம் பக்கம் இருப்பதால் கருவாட்டுத் தூள் சும்மாவே கிடைக்கிறது. நாலு மாத வெடைகளுக்குத் தினமும் அதைத்தான் குருணையில் கலந்து போடுகிறேன். சீக்கிரம் முட்டை வர லேயர் தீவனமும் (முட்டையிடுகிற கோழிக்கான தீவனம்) வாங்கிப் போடலாமா?

பதில்: இரண்டையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டிலும் நானே அடிபட்டவள்.

லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவீதம் போல இருக்கும். வளரும் கோழிக்கு வேண்டியது ஒரு சதவீதம்தான். ஒரு வருஷம் தீவனக் கடையில், "இதைப் போடுங்க, சீக்கிரம் முட்டைக்கு வரும்" என்று சொன்னதைக் கேட்டு மூன்று மாதக் கோழிகளுக்கு மூட்டை வாங்கிப் போட்டேன். இரண்டு மாதத்தில் இரண்டு கோழி கால் வீங்கி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. பிழைக்கவில்லை. தேவைக்கு மேல் போன சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். அதனால் முதல் முட்டையைப் பார்க்கிறவரை வளர்கோழித் தீவனமோ, கம்பு, சோளம், தவிடு, குருணை, கீரை என்று நீங்களே கலப்பதோ போதும். முருங்கைக்கீரையும், தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடியும் நல்லது. மேயவிட்டால் கரையானும் புழுவும் அதுவே தேடிக்கொள்ளும்.

கருவாடு நல்ல புரதம், சந்தேகமில்லை. ஆனால் உப்பு கோழிக்கு எமன். உப்புப் போட்டுக் காயவைத்த கருவாட்டை அப்படியே போட்டால் தண்ணியாகக் கழியும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும், அதிகமானால் செத்தே போகும். உப்பில்லாமல் வெயிலில் காய்ந்த சின்ன மீன் கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி காயவைத்து, பத்து பங்கு தீவனத்துக்கு ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலங்கள். அளவு கூடினால் முட்டையிலும் மீன் வாடை வரும்.

உங்களுக்குக் கடல் தரும் இன்னொரு பொருள் கிளிஞ்சல். நான் தேவனாம்பட்டினம் போகும்போதெல்லாம் ஒரு பை பொறுக்கி வருவேன். நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசி உப்பைப் போக்கி, காயவைத்து, உரலில் இடித்து நொய் அளவுக்கு உடைப்பேன். மாவாக அரைக்கக் கூடாது. ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில். நொய்யாக இருந்தால் இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாவு சீக்கிரம் கரைந்து போய்விடும். இதைத் தீவனத்தில் கலக்காமல் தனியாக ஒரு மண் ஓட்டில் வையுங்கள். முட்டையிடுகிற கோழி தனக்கு வேண்டியதைக் கொத்திக்கொள்ளும், வெடை அதிகம் சீண்டாது. வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

கேள்வி: பண்ருட்டி. தெருவில் வண்டியில் வந்தவரிடம் என் மகள் கேட்டாள் என்று பச்சை, ரோஸ் கலர் குஞ்சு நாலு வாங்கினேன். இரண்டு பிழைத்து வளர்ந்திருக்கிறது. ஐந்து மாதம் ஆகிறது. எப்போது முட்டை இடும்?

பதில்: சொல்ல வருத்தமாக இருக்கிறது. அந்தக் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். பொரிப்பகத்தில் பெட்டையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிறவற்றுக்குச் சாயம் போட்டு விற்கிறார்கள். கழுத்திலும் வால் தொடங்கும் இடத்திலும் இறகு கூர்மையாக, நீளமாக, பளபளப்பாக இருக்கிறதா பாருங்கள். பெட்டைக்கு அந்த இறகு முனை வட்டமாக இருக்கும். சேவல்தான் என்று தெரிந்தால் மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நாலில் இரண்டைப் பிழைக்க வைத்ததே பெரிய காரியம்.

கேள்வி: பாகூர். எங்களிடம் சேவல் இல்லை. சேவல் இல்லாமல் பெட்டை முட்டை இடுமா?

பதில்: இடும். பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டுமென்றால் சேவல் வேண்டும்.

கேள்வி: குறிஞ்சிப்பாடி. எங்கள் வெடை நாலு நாளாகக் கேறிக்கொண்டே சுற்றுகிறது. மூலை மூலையாக நுழைந்து பார்க்கிறது. கூட்டில் மட்டும் இடவில்லை. வெளியே எங்கோ போய் இட்டுவிட்டு வந்து கொக்கரிக்கிறது என்று சந்தேகம்.

பதில்: சந்தேகம் சரிதான். கேறுகிற கோழி, அதாவது முட்டை இடும் முன் இழுத்து இழுத்துக் கத்துகிற கோழி, இடம் தேடுகிறது. இருட்டாக, மறைவாக, தன் உடம்பு அடங்குகிற அளவில் ஓர் இடம் அதற்கு வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் வைக்கோல் போரிலோ வேலிப் புதரிலோ அதுவே பிடித்துக்கொள்ளும்.

வாய் அகன்ற பழைய மண்சட்டி ஒன்றில் பாதிக்கு மணல் போட்டு, மேலே வைக்கோலைக் கையால் கசக்கி மெத்தென்று பரப்புங்கள். அடியில் ஒரு பிடி நொச்சித் தழை போட்டால் செல்லு என்கிற கோழிப்பேன் அண்டாது. சட்டியைக் கூட்டின் இருட்டு மூலையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வையுங்கள். உள்ளே ஒரு முட்டையை வைத்துவிடுங்கள், கடை முட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் குழப்பம் வராது. நான் முட்டை அளவில் உருட்டிச் சுட்ட களிமண் உருண்டை வைத்திருக்கிறேன், பத்து வருஷமாக அதுவேதான். ஏற்கெனவே முட்டை கிடக்கிற இடம் பத்திரமான இடம் என்று கோழி நினைத்துக்கொள்ளும்.

நாலைந்து நாள் காலை பத்து, பதினோரு மணிவரை கோழியை வெளியே விடாதீர்கள். பெரும்பாலும் அதற்குள் இட்டுவிடும். அப்படி இரண்டு மூன்று தடவை சட்டியில் இட்டுப் பழகினால் பிறகு திறந்துவிட்டாலும் திரும்பி அங்கேதான் வரும்.

பழைய இடத்தையும் கண்டுபிடித்துவிடுங்கள். கொக்கரிக்கிற சத்தத்தை நம்பாதீர்கள், இட்ட இடத்தைவிட்டு விலகி வந்துதான் கத்தும். இடப் போகும்போது தூரத்திலிருந்து பின்னாலேயே போய்ப் பாருங்கள். முட்டைகள் கிடைத்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் போடுங்கள். அடியில் படுத்துக் கிடப்பது புதுசு. மேலே மிதப்பதைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், வீட்டுக்குள் உடைக்க வேண்டாம்.