வீடு கைமாறியது, சோலர் காசு கைமாறவில்லை

கேள்வி: உப்புவெளியில் 5 கிலோவாட் சோலர் போட்ட வீடொன்றைப் போன வருடம் வாங்கினேன். "2018இல் போட்டது, மிஞ்சும் மின்சாரத்துக்கு மின்சார சபை 20 வருடமும் அலகுக்கு 22 ரூபாய் தரும்" என்றார் விற்றவர். வீட்டை எழுதிய உறுதிப் பத்திரத்தில் சோலரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காசு இன்னும் அவருடைய வங்கிக்கே போகிறது. இப்போது இன்வேட்டரை (தகடுகளின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியை) கழற்றப்போவதாகவும் சொல்கிறார்.

பதில்: பொருள் வேறு, காசு வேறு.

நிலத்தோடு நிரந்தரமாகப் பொருத்தியது நிலத்தோடு போகும் என்பது இலங்கையில் செல்லுபடியாகும் உரோமன்-டச்சுச் சட்டம். பொருளின் தன்மை, பொருத்திய விதம், பொருத்தியவரின் நோக்கம் ஆகியவற்றை நீதிமன்றம் பார்க்கும். மின்சார சபையோடு 20 வருட ஒப்பந்தம் போட்டவர், கழற்றி எடுக்கத்தான் போட்டேன் என்று வாதாடுவது கடினம். சுவரில் நாலு ஆணியில் தொங்கும் இன்வேட்டரில்தான் அவருக்குக் கொஞ்சம் பிடி உண்டு. ஆனால் அது இல்லாமல் தகடுகள் வெறும் கண்ணாடி. தொடர் இலக்கங்களோடு படம் எடுத்துவைத்து, சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். மீறி வந்தால் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். சோலர் லீசிங்கில் வாங்கப்பட்டதா என்பதை மட்டும் முதலில் விசாரியுங்கள். அப்படியென்றால் கதையே வேறு.

காசு அப்படியல்ல. அந்த ஒப்பந்தம் மின்சார சபைக்கும் கணக்குக்காரருக்கும் இடையிலானது; உறுதி எழுதியதால் உங்களுக்கு வராது. உறுதிப் பிரதி, அடையாள அட்டை, கடைசி மின்பட்டியல், விற்றவரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு பிரதேச அலுவலகத்துக்குப் போய், முதலில் கணக்கைப் பெயர் மாற்றி, பிறகு ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். புது விண்ணப்பம் என்று கையெழுத்து வைக்குமுன் யோசியுங்கள்: பழைய ஒப்பந்த விலை போய், இன்றைய விலைக்கு மாற நேரலாம். சம்மதக் கடிதம்தான் இழுபடும். மீதிப் பணம் கொடுக்க இருந்தபோதே வாங்கியிருக்க வேண்டியது.

22 ரூபாய்க் கதை முழு உண்மையல்ல. 2016இல் தொடங்கிய திட்டத்தில் முதல் 7 வருடத்துக்கு 22, அடுத்த 13 வருடத்துக்கு 15.50. 2018 ஒப்பந்தமென்றால் 2025இலேயே முதல் கட்டம் முடிந்தது. மாதம் 600 அலகு உற்பத்தியாகி நீங்கள் 250 பாவித்தால், மிஞ்சும் 350 அலகுக்கு 7,700 அல்ல, 5,425 ரூபாய்.

அந்தப் பேச்சை நம்பி விலை கூட்டிக் கொடுத்திருந்தால் நட்டஈடு கேட்கலாம். உறுதி மௌனமாக இருக்கும் விடயத்தில், அதற்கு முரண்படாத தனி வாய்மொழி உடன்பாட்டை நிரூபிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இடம் தருகிறது. வாய்மொழி உடன்பாட்டுக்கு வழக்குப்போட 3 வருடம்தான். வாட்சப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.