எட்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டுகிறவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஏழு நாள் முகாம் நடந்த ஊரில், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பலரால் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைக்கூட வாசிக்க முடியவில்லை. அரிச்சுவடியும் சிறுவர் படக்கதைகளும் கொண்டுபோனோம். தொடவே இல்லை. எங்கே தவறு செய்கிறோம்?

வாசகி, டெல்டா மாவட்டம்

அன்புள்ள பேராசிரியருக்கு,

பதின்மூன்று வயதுப் பையனிடம் 'அ - அம்மா, ஆ - ஆடு' என்று நீட்டினால் எப்படித் தொடுவான்? அது அவன் தங்கையின் புத்தகம். பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிட்டால் மறுநாள் அதுவே பட்டப்பெயர் ஆகிவிடும். வாசிக்கத் தெரியாததை மறைத்து மறைத்தே அவன் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறான். அதை எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறோம் நாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் 2025-26இல் எட்டாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. எழுத்துக்கூட்டுவதிலிருந்து சரளமாக வாசிக்கப் பழகுகிற வயதில் அவர்களுக்கு வகுப்பறையே இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே பாடம் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் பல பிள்ளைகளைக் கைதூக்கிவிட்டார்கள், எல்லோரையும் அல்ல. 2023இல் நாடு முழுக்க 28 மாவட்டங்களின் கிராமங்களில் 14 முதல் 18 வயதுக்காரர்களிடம் பிரதம் தொண்டு நிறுவனம் எடுத்த அசர் (ASER) கல்விக் கணக்கெடுப்பில், நான்கில் ஒருவருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் வட்டார மொழியில் சரளமாக வாசிக்க வரவில்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகளை யாரும் மக்கு என்று சொல்லவிடாதீர்கள்.

நான் பார்த்தவரை இந்த வயதுப் பிள்ளைகளில் பலருக்கு எழுத்து தெரியும். தடுக்குவது வேறு இடத்தில். 'சென்றுகொண்டிருந்தார்கள்' என்ற சொல்லில் பன்னிரண்டு எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிக் கடைசிக்கு வரும்போது முதல் பாதி மறந்துவிடுகிறது. போதாததற்கு, அவர்கள் வாயில் புழங்குவது 'போயிட்டிருந்தாங்க'. புத்தகத் தமிழைக் காதால் கேட்டே பழகாத பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வழியில்லை.

அதனால் புத்தகத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு உங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் போதும். கபடி, அப்பாவின் டிராக்டர், போன வாரம் நடந்த சண்டை, எதைப் பற்றியாவது அவர்களைப் பேசச் சொல்லி, சொன்னதைச் சொன்னபடியே பேச்சுத்தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தரட்டும். தான் சொன்ன வாக்கியம் என்பதால் பிள்ளை அதை வாசித்துவிடும். அப்புறம் அதன் கீழே எழுத்துத்தமிழில் எழுதி, நீளச் சொற்களைச் 'சென்று, கொண்டு, இருந்தார்கள்' என்று உடைத்துக் காட்டலாம். தமிழ் மாணவர்களுக்குப் புணர்ச்சி இலக்கணம் இதைவிட உருப்படியாக வேறெங்கே பயன்படப்போகிறது!

1991-92இல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழகுவதையும் எழுத்தறிவோடு சேர்த்துக்கொண்டார். சைக்கிளுக்காக வந்து, அப்படியே பாடத்துக்கும் உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எது சைக்கிள் என்று உங்கள் மாணவர்கள்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏழு நாள் முகாமை மட்டும் நம்பாதீர்கள். பல வருடம் முன்பு ஒரு கல்லூரி முகாமுக்குப் பேசப் போயிருந்தேன். கடைசி நாள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன், "அடுத்த வாரமும் வருவீங்களாண்ணா?" என்று ஒரு மாணவரைக் கேட்டான். யாரும் போகவில்லை. அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை. உங்கள் தொண்டர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி இருக்கிறதே. சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், முப்பது வாரம் என்றாலும் அறுபது மணிதான் ஆகும்.

தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கட்டாயம் பேசுங்கள். ஆனால் இடம் பள்ளிக்கூடமாக இருக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகள் கூனிக்குறுகிய இடம் அது. ஊர்ப்புற நூலகம் இருந்தால் நூலகரைக் கேளுங்கள். மாணவர்கள் மூன்று வருடத்தில் போய்விடுவார்கள், நீங்களும் மாறுதலாகலாம். உள்ளூரில் ஒருவர் கையில் சாவி இருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர்வதற்கு அம்மாக்களில் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள்.

நவம்பரில் செமஸ்டர் தேர்வு வரும். அந்த வாரங்களில் யார் போவது என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், இரண்டு சனிக்கிழமை நான் வருகிறேன்.

அன்புடன்